இடது குதிகால் மண்ணில் படாத ஆட்டக்காரன்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்குப் போகிற சாலையில் நீங்கள் எந்தச் சுவரைப் பார்த்திருந்தாலும் அது என் கை பட்ட சுவராகத்தான் இருந்திருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படம் வரைய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ஆட்டக்காரன் படம் போட்டு விளம்பரம் வேண்டுமென்றால் தேனிக்கு மேற்கே என்னைத்தான் தேடி வந்தார்கள். கபடி, வாலிபால், சைக்கிள் பந்தயம் எது கேட்டாலும் போட்டுக் கொடுத்தேன். நான் வரைந்த கால் ஓடும், கை எட்டும் என்று ஊரில் பேச்சு.

போன மாதம் உங்கள் விளம்பரக் கம்பெனி அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். திரையில் ஒவ்வொரு விளம்பரமாகக் காட்டினீர்கள். ஆட்டக்காரன் குளிர்பானம் குடிக்கிறான், செல்போன் பேசுகிறான், ஷூ மாட்டுகிறான். உங்களில் ஒரு பொண்ணு கேட்டாள், “ஐயா, இந்த மாதிரிப் படத்துல ஒளிஞ்சிருக்கிற அர்த்தத்தை எப்படிப் படிக்கணும்?” நான் சிவப்பு என்றால் வேகம், நீலம் என்றால் நம்பிக்கை என்று என்னத்தையோ அளந்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பதில் யாருக்கும் உதவாது. சரியானதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. மெட்டுக்குக் கீழே ஜீப்புகள் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கிற வளைவில் ஒரு சுவர் உண்டு. சோப்புக் கம்பெனி ஒன்றுக்காக அதில் வாலிபால் ஆட்டக்காரனை வரைந்தேன். தாழ்ந்து வருகிற பந்தை எடுக்க முட்டியை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டி நிற்கிறான். உயிரோட்டமான படம். ஆனால் பந்தைச் சுவரின் மேல் மூலையில் போட்டுவிட்டேன். கூரை ஓட்டின் நிழலில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஆட்கள் ஜீப்பிலிருந்து பேசிக்கொண்டது இது.

“யாருடா இவன், கையைச் சேத்து நிக்கிறான்?”

“கங்காணிகிட்ட லீவு கேக்குறான்.”

“அப்ப முட்டி நிமிர வருசமாகும்.”

ஒரு வாரத்தில் அந்தப் படத்துக்கு ‘லீவு கேக்கிற ஆளு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. தோட்டத்து மானேஜர், தன்னைக் கேலி செய்ய யாரோ வரையச் சொன்னதாக நினைத்து ஆள் விட்டார். நான் ஏணி போட்டுப் பந்தைக் கைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்த பிறகுதான் அவன் மறுபடியும் ஆட்டக்காரன் ஆனான். அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன். நாம் வரைந்ததை ஜனம் அப்படியே பார்ப்பதில்லை. தங்கள் பிழைப்பு கற்றுக்கொடுத்த கண்ணால் பார்க்கிறது. அதற்கப்புறம் ஓடுகிற ஆளைக் கடை வாசல் பக்கமாக ஓடவிட்டேன். கடைக்கு முதுகு காட்டி ஓடினால், சரக்கு சரியில்லை என்று ஓடுகிறான் என்பார்கள். ஆட்டக்காரன் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே சாமானை வைத்தேன். இதெல்லாம் கைவந்ததும், சுவரைப் படிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் பெரிய தப்பைச் செய்தேன்.

ஒரு டீத்தூள் கம்பெனி போடியில் கபடிப் போட்டிக்குக் கேடயம் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ராவுத்தர் ஏலக்காய்ச் சரக்கு வைக்கிற கிட்டங்கி இருந்தது. அதன் நீளச் சுவரை விளம்பரத்துக்குப் பேசிவிட்டு, மதுரையிலிருந்து வந்த கம்பெனி ஏஜெண்டு என்னிடம் சொன்னார், “பாத்தவுடனே தெம்பு வரணும்ய்யா. முதலாளி சனிக்கிழமை வந்து பாப்பாரு. பிடிச்சிருந்தா மெட்டு வரைக்கும் எல்லாச் சுவரும் ஒனக்குத்தான்.”

தெம்புக்கு யாரை வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. ராசிங்காபுரம் தங்கராசுதான். மூட்டை ஏற்றுகிற சோலி. ஆள் உயரம் கிடையாது. ஆனால் கபடி கபடி என்று எதிரணிக்குள் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பம் ஊர் செட்டோடு இறுதி ஆட்டம். மதுரை நூல் மில் ஒன்றின் விளையாட்டு அதிகாரி பார்க்க வருவதாகவும், ஒரே ஒரு ஆளை மில் அணிக்கு எடுத்து நிரந்தர வேலை கொடுப்பதாகவும் பேச்சு. அந்த ஒரு ஆள் தங்கராசுதான் என்று போடியே முடிவு செய்துவிட்டது.

இரண்டு காலை வேளை அவனைச் சுவர் முன்னால் நிறுத்தி, பாடிப் போகிற நிலையிலேயே வரைந்தேன். அடிக்கடி கால் மாற்றினான். “ஆடாம நில்லு மாப்ளே” என்று அதட்டினேன். “நிக்கிறேன்ணே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பல் கடிப்பு வீரமாகத் தெரிந்தது. அதையும் சேர்த்து வரைந்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஏணியை எடுத்தபோது பஸ் ஸ்டாண்டே நின்று பார்த்தது. என் வாழ்நாளில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் தங்கராசின் மனைவி பேச்சியம்மாள் என் கடைக்கு வந்தாள். அந்தக் கிட்டங்கியில்தான் அவளுக்கு ஏலக்காய் பிரிக்கிற வேலை. நூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சை, வெளுப்பு, உடைசல் என்று பிரிப்பார்கள். ஒரு காயில் ஊசி முனை அளவு கறுப்பு இருந்தாலும் அந்தக் கண் விடாது.

“ஒரு சோலியா வந்தேன்ணே.”

“உக்காரு தங்கச்சி. படம் பாத்தியா? ஊரே பேசுது.”

“பாத்தேன். அத அழிச்சிருங்கண்ணே.”

கோபம் வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, “என்ன குறை?” என்று கேட்டேன்.

“குறை இல்லண்ணே. அதான் சங்கடம்.” வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இவருக்கு இடது முட்டி சரியில்ல. ஆறு மாசமாச்சு. செட்டுல யாருக்கும் தெரியாது. நான் தைலம் தேய்ச்சுவிடுறது எங்க வீட்டுச் செவுத்துக்குத்தான் தெரியும். இப்பப் பஸ் ஸ்டாண்டுச் செவுத்துக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“கட்டு கிட்டு ஒண்ணும் நான் போடலையே. எங்க தெரியுது?”

“வாங்க, காட்டுறேன்.”

சுவருக்கு எதிரே, டீக்கடை நிழலில் நின்றுகொண்டு கையை நீட்டாமலே சொன்னாள். “குதிகாலப் பாருங்க. இடது மண்ணுல படல. பாடிப் போற ஆளு முன்னங்காலுல பாரத்த வைக்கணும். இவரு பின்னங்காலுல வச்சிருக்காரு. இடுப்பு வலப்பக்கம் ஒதுங்குது. பல்லக் கடிச்சிருக்காரு பாருங்க. முட்டிய மடக்கச் சொன்னா வீட்டுல இப்படித்தான் கடிப்பாரு.”

தம்பிகளா, தங்கச்சிகளா, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் கண் எதிரே நின்ற மனுசனின் வலியை ஒரு ரோமம் விடாமல் வரைந்திருக்கிறேன். அது வலி என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு படத்தில் வேறு எதுவுமே என் கண்ணில் படவில்லை.

“வேற யாருக்குத் தெரியப்போகுது? நீ பெண்டாட்டி, ஒனக்குத் தெரியுது” என்றேன்.

“கம்பத்து செட்டு சனிக்கிழமை மத்தியானம் இங்கதானண்ணே பஸ்ச விட்டு எறங்குவாக? அவுக பிடிகாரங்க. ஆளு மூஞ்சியவா பாப்பாக? காலத்தான் பாப்பாக.”

எதிரணிக்காரனின் காலைப் பார்த்துப் பார்த்தே ஜெயிக்கிறவர்கள் அவர்கள். எந்த முட்டி பலவீனம் என்று தெரிந்தால் அதையே பிடித்து முறுக்குவார்கள். மில் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க இவன் மண்ணில் கிடப்பான். அந்த வேலை போனது போனதுதான். முட்டி போனால் மூட்டை ஏற்றுகிற சோலியும் கிடையாது.

என் புத்தி எப்போதும் குறுக்கே ஓடும். தங்கராசை வரச் சொல்லி என் திட்டத்தைச் சொன்னேன். “மாப்ளே, படத்தத் திருப்பிப் போட்டுர்றேன். வலது குதிகாலத் தூக்கிவிட்டா, கம்பத்துக்காரங்க வலது முட்டியத் தேடுவாங்க. நீ தப்பிச்சுக்க.”

அவன் மனைவியைப் பார்த்தான். தன் வலி வெளியே வந்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கோபப்படவில்லை. அவள் தோளில் ஒட்டியிருந்த ஏலக்காய்த் தோலைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, அப்ப நல்ல காலப் பிடிச்சு முறுக்குவாய்ங்க. எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

திட்டம் அதோடு முடிந்தது. சரி, குதிகாலை மட்டும் மண்ணில் இறக்கிவிடலாம் என்று ஏணியில் ஏறினேன். இறக்கினேன். இடுப்பு கோணியது. இடுப்பை நிமிர்த்தினேன். தோள் யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றது. தோளைச் சரிசெய்தால் முகம் ஏன் இப்படி என்று கேட்டது. வலி அந்த உடம்பு முழுக்க ஓடியிருந்தது. ஓர் இடத்தில் பொய் சொன்னால் மற்ற இடமெல்லாம் காட்டிக்கொடுத்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இந்தப் படத்தைத் திருத்த முடியாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. வேறு ஆளை வரைய நேரம் இல்லை. அப்படியே விட்டால் மெட்டு வரைக்கும் எல்லாச் சுவரும் எனக்கு.

இந்த இடத்தில் நான் உடனே முடிவெடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எடுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். கம்பத்துக்காரன் கவனிக்காமல் போகலாம், முட்டி தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். அப்போது கிட்டங்கி ஜன்னல் வழியாகப் பேச்சியம்மாள் தெரிந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கை பாட்டுக்குக் காய் பிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து, புரட்டி, உடைசல் கூடையில் போட்டாள். நான் எழுந்து போய்ச் சுண்ணாம்பு கரைத்தேன்.

முகத்தில் முதல் பட்டை அடித்தபோது பஸ் ஸ்டாண்டில் சத்தம் எழுந்தது. ராவுத்தர் கிட்டங்கி வாசலுக்கு வந்துவிட்டார்.

“என்னப்பா இது? முந்தாநேத்துத்தானே எல்லாரும் கும்பலா நின்னு பாத்தாக?”

“பிடிக்கல பாய்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

ராவுத்தர் உள்ளே திரும்பினார். “சுண்ணாம்பு பத்தலைன்னா உள்ள இருக்கு, எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடிந்ததும், காய்ந்த சுவரில் அவசரமாக ஒன்று வரைந்தேன். சுவரின் அடியில் கபடிக் களத்தின் நடுக்கோடாக ஒரு வெள்ளைக் கோடு. மண்ணோடு மண்ணாக நீண்டு வருகிற ஒரு கை. விரல் நுனி மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆவி பறக்கிற டீ கிளாஸ். ஆள் கிடையாது. என் இடது கையைப் பார்த்து வலது கையால் வரைந்தேன்.

பத்து மணிக்கு ஏஜெண்டும் முதலாளியும் காரில் வந்து இறங்கினார்கள். “ஆளு எங்கய்யா?” என்றார் ஏஜெண்டு.

“வந்துக்கிட்டு இருக்கான் சார். கை முதல்ல வந்துருச்சு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் சுவருக்கு முன்னால் சண்டையே ஆரம்பித்திருந்தது. கோட்டைத் தொட்டுவிட்டான் என்று ஒருத்தர். மூச்சு விட்டிருப்பான், செல்லாது என்று இன்னொருத்தர். யார் கை என்று மூன்றாவது ஆள். மெட்டு ஜீப்பு ஒன்று ஆள் ஏறியும் கிளம்பாமல் நின்றது. முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “ஆளே இல்லையே, தெம்பு எங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மெட்டுச் சுவர்கள் மதுரைக்காரன் ஒருவனுக்குப் போயின. அவன் வரைந்த ஆட்டக்காரர்கள் பொங்கல் கரும்பு மாதிரி விறைத்து நின்றார்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன்.

மத்தியானம் கம்பத்துச் செட்டு இறங்கியது. கையைப் பார்த்தார்கள், அவர்களும் கொஞ்சம் சண்டை போட்டார்கள், போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராசு நான்கு முறைதான் பாடிப் போனான். நான்கு முறையும் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஒருமுறை இடது காலைப் பிடித்தார்கள்தான். ஆனால் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார்களே தவிர, அந்த முட்டியைத் தேடிப் பிடிக்கவில்லை. உதறிக்கொண்டு வந்துவிட்டான். போடி ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் மில் அதிகாரி அவனைக் கூப்பிட்டார். பக்கத்தில் நானும் போய் நின்றுகொண்டேன். கூப்பிடாத இடத்தில் நிற்பது எனக்குப் பழக்கம்.

“நல்லா ஆடுற. அப்புறம் ஏன் நாலு தடவைதான் போன?”

தங்கராசு சொன்னான், “இடது முட்டி சரியில்ல சார். ஆறு மாசமா இருக்கு.”

இதைச் சொல்லவா என் உயிரான படத்தைச் சுண்ணாம்படித்தேன்? அதிகாரி குனிந்து அவன் முட்டியை அமுக்கிப் பார்த்தார். மடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினான். அவர் நிமிர்ந்து, “எங்க அணியில முட்டி நல்லா இருக்கிறவன் எவன்? வாயத் தெறந்து சொல்றவன்தான் இல்ல. மில்லுல டாக்டர் இருக்காரு. புதன்கிழமை வந்து சேரு” என்றார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்தேன். “நீயே சொல்றதா இருந்தா என்னய ஏன் மாப்ளே அழிக்கவிட்ட?”

“நான் சொல்றது வேறண்ணே” என்றான். “செவுரு சொல்றது வேற.”

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். விளம்பரத்தில் ஒளிந்திருக்கிற அர்த்தத்தைத் தேடும்போது நிறத்தை அப்புறம் பாருங்கள். ஆட்டக்காரன் நெற்றியில் வழிகிற வேர்வையை, முழங்கையில் ஒட்டிய மண்ணை, தலையில் சுற்றிய கட்டை முதலில் பாருங்கள். அதை அவன் கொடுத்தானா, நாம் எடுத்துக்கொண்டோமா என்று கேளுங்கள். ஒரு மனுசன் சொல்லாமல் வைத்திருப்பதை எடுத்துச் சரக்கு விற்கக் கூடாது. விற்றால் நிறைய விற்கும். அதனால்தான் சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. புதன்கிழமை காலை மதுரை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிடப் போயிருந்தேன். தங்கராசு டிரங்குப் பெட்டியைக் கூரைமேல் ஏற்றக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒங்களுக்கு வலது தோளா?”

“என்னது?”

“போன வருசம் நீங்க எழுதுன எழுத்தெல்லாம் ஓட்டுக்கிட்ட இருக்கும். இந்த வருசம் எல்லாச் செவுத்துலயும் கதவு உசரத்துக்கு எறங்கிருச்சு. கைய மேல தூக்க முடியலையோன்னு நெனச்சேன்.”

எட்டு மாதமாக எனக்கு அந்த வலி. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் உயரச் சுவரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று, கீழே எழுதினால்தான் ஜனம் படிக்கும் என்று எல்லாரிடமும் புதுக் கொள்கையாகப் பேசித் திரிந்தேன். நான் மறைத்த வலியை இத்தனை சுவரும் சாலை நெடுக எழுதி வைத்திருக்கிறது.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மடியிலிருந்த துணிப்பையைத் துழாவி, பாதி இருந்த ஒரு தைலச் சீசாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“இவருக்கு இனி மில்லு டாக்டர் பாத்துக்கிடுவாரு. இத நீங்க வச்சுக்கங்க. லேசாச் சூடு பண்ணி, மதினியத் தேய்ச்சுவிடச் சொல்லுங்க.”

பஸ் போய்விட்டது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சீசாவைக் கொடுத்தேன். இது எதற்கு என்று கேட்டாள். உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, நானே சொன்னேன்.